இருபது வரை எண்ணினாள்

முத்துச்சாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான். அந்த சென்சாரை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் இந்த ஜெகபர் அலிதானே.

திண்டுக்கல்லுக்கு வெளியே எங்கள் பஞ்சு மில்லில் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் முத்துச்சாமி. கெட்டிக்காரர், அதுதான் வினை. போன சித்திரையில் பஞ்சு பிரிக்கும் மெஷினின் கதவு சென்சார் கெட்டது. கதவு மூடியிருந்தால் கன்ட்ரோலருக்கு இருபத்துநாலு வோல்ட் கொடுக்கும் பி.என்.பி. ரகம் அது; அந்த வோல்ட் வந்தால்தான் மெஷின் ஓடும். ஸ்டோரில் என்.பி.என். மட்டுமே இருந்தது. அது வோல்ட் கொடுக்காது. கதவு திறந்ததும் லைனில் இருக்கும் வோல்ட்டைக் கீழே இழுத்துவிடும்.

"சரியானது வரட்டும்ண்ணே, நாலு நாளுதான்," என்றேன்.

"நாலு நாளு மெஷின நிப்பாட்டச் சொல்றியாக்கும்? குடுப்பா இங்கிட்டு."

பேனலிலிருந்தே ஒரு ரெசிஸ்டர் வழியாக லைனுக்கு வோல்ட் கொடுத்தார். கதவைத் திறந்தால் சென்சார் அதை இழுத்தது, மெஷின் நின்றது. ஆளாளுக்குப் பாராட்டினோம், சரியான சென்சார் வாங்குவதை மறந்தோம். சென்சார் ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பழைய சென்சாரில் ஒயர் அறுந்தால் வோல்ட் போய் மெஷின் நின்றுவிடும். இதில் வோல்ட்டை இழுக்க ஆளிருக்காது. கதவு மூடியே இருக்கிறது என்று நம்பி மெஷின் ஓடும்.

எங்கள் மில்லில் ஸ்டாப் பட்டனை யாரும் அமுக்குவதில்லை. கதவைத் திறப்பார்கள், உள்ளே முள் உருளை சுற்றி ஓய்வதற்காக இருபது எண்ணுவார்கள், அடைத்த பஞ்சைக் கையால் எடுப்பார்கள். உருளையைப் பஞ்சு மறைத்துக்கொண்டிருக்கும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க அந்த இரைச்சலில் வழியே இல்லை. இருபது என்று கணக்குச் சொன்னவரும் முத்துச்சாமிதான்.

ஆடியில், மெஷினின் அதிர்விலேயே சென்சார் ஒயர் அறுந்தது. கதவைத் திறந்து பஞ்சு எடுக்கப் போன, அந்த மெஷினில் வேலை பார்க்கும் ஒச்சம்மாளின் வலது கை மணிக்கட்டோடு போனது.

மூன்றாம் நாள் நானும் முத்துச்சாமியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 'ஓடும் மெஷினில் கவனமில்லாமல் கைவிட்டேன்' என்று மில்லில் எழுதி அனுப்பிய தாள் கட்டிலில் கிடந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவள், இடது பெருவிரலைப் பதித்திருந்தாள்.

"இருபது எண்ணுனேண்ணே," என்றாள் முத்துச்சாமியிடம். "வெரசா எண்ணிப்புட்டேன் போல. எம்மேலதான் தப்பு."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ரெசிஸ்டர், அறுந்த ஒயர், நான் தடுத்தது, எதையும் விடவில்லை. மேனேஜரிடமும் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

ஒச்சம்மாள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணுனேனாண்ணே?"

"சரியாத்தான் எண்ணிருக்க, தாயி."

மூன்று நாளாக அழாதவள் அப்போது அழுதாள்.