மீனுக்கு நோன்பு இல்லை

பச்சையம்மாள் அக்காவுக்குத் தியாகதுருகம் பக்கம் பிறந்த ஊர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுதான் அவருக்கு ஒரு நாளின் ஒரே முழுச் சாப்பாடு. பிறகு களையெடுப்பு, கரும்பு வெட்டு. தோகை அறுத்த கோடுகள் இன்னும் கையில் இருக்கின்றன. கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு வந்தவர், பன்னிரண்டு வருடமாக உமர் பாரூக் பாய் வீட்டில் வேலை செய்கிறார். பாய்க்குப் பாத்திரக் கடை. அவர் மனைவி நூர்ஜகான். அந்த வீட்டு வாசலில் தண்ணி கேன்காரர் வந்து நின்றாலும், அக்கா முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான்.

போன வருடம் நோன்பு மாதத்துக்குச் சில நாள் முன்பு பாய் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தார். ஆறு தங்கமீன்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை கொஞ்சமாகத் தீனி போட்டால் போதும் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். நோன்பு தொடங்கியதும் பாய் அந்த ஒரு வேளையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். நோன்பு திறந்த கையோடு மீனுக்கும் போட்டுவிட்டால் மறக்காது என்று நினைத்தார்.

அக்கா அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். வீட்டில் இருப்பவர்கள் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மீனையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிவிட்டார். அவர்கள் வழக்கத்தைப் பற்றிக் கேட்க அவருக்குத் தயக்கம். சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பிடி சோற்றைத் தொட்டியில் போட்டார். மீன்கள் ஓடி வந்து கொத்தின. மறுநாளும் போட்டார்.

நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி அடங்கவில்லை என்று அக்கா இரண்டு பிடி போட்டார். அடுத்த நாள் காலையில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு.

பாய் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தார். அவர் தொட்டியின் அடியிலிருந்த கூழாங்கற்களைக் கிளறினார். ஊறிப்போன சோறு புகை மாதிரி கிளம்பி நாறியது.

"பசியில வாயத் தொறக்கல பாய். அதுக்கு மூச்சு முட்டுது. போட்டதெல்லாம் தின்ன முடியாம அழுவிப் போச்சு, தண்ணியே வெஷமாயிடுச்சு. இப்படியே போட்டுக்கினு இருந்தா இந்த ரெண்டும் நாளைக்கு இருக்காது."

நூர்ஜகான் கணவரைத்தான் திரும்பிப் பார்த்தார். "இன்னாங்க, தட்டுல மிச்சம் வச்சதெல்லாம் இதுலதான் கொட்டினீங்களா?" பாய், தான் கொட்டவில்லை என்று சொல்லிப் பார்த்தார். நூர்ஜகான் நம்பவில்லை.

அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் பழி பாயோடு போய்விடும். சொன்னால் பன்னிரண்டு வருட வேலை என்ன ஆகுமோ தெரியாது. தொட்டியில் மீதி இரண்டும் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"நான்தாங்க போட்டேன், பாயம்மா. நீங்க நோன்பு வச்சிக்கினு இருக்கீங்க, சரி. வாயில்லாத ஜீவன், அதுக்கு இன்னாத்துக்கு நோன்புன்னு மனசு கேக்கல."

"மீனுக்கு யாராச்சும் நோன்பு வைப்பாங்களா, பச்ச?" என்று கேட்கும்போதே நூர்ஜகானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. செத்த நான்கையும் கொல்லையில் புதைத்தவர் அவர்தான்.

கடைக்காரர் சொன்னபடி சோற்றையெல்லாம் வழித்தெடுத்து, தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினார்கள். இரண்டு நாளைக்கு எதுவும் போடக் கூடாது என்றார் அவர். அந்த இரண்டு நாளும் அக்கா கூடத்தைத் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பெருக்கினாராம்.

மூன்றாம் நாள் காலையில் மீன்கள் மேலே வராமல் தண்ணீரின் நடுவில் நீந்திக்கொண்டிருந்தன. நூர்ஜகான் தீனி டப்பாவை அக்காவிடம் நீட்டி, இனிமேல் நீயே போடு, வேறு யாரும் கை வைக்கமாட்டோம் என்றார். அக்கா ஒரு சிட்டிகை எடுத்து, அதிலும் பாதியை டப்பாவிலேயே உதிர்த்துவிட்டு மீதியைப் போட்டார். கடைசி உருண்டையை மீன் விழுங்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.