நோர்கெயும் நோரெக்கும் ஒரே வீட்டில்

ஆஸ்லௌக் சிரித்தால் துறைமேடையில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள் எழுந்து பறந்துவிடும். எங்கள் ஊர் ஹெல்லவிக்கில் இதை யாரும் மிகையாக நினைப்பதில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் அவளுடைய ரொட்டிக்கடை. அதற்கு எதிரே இருந்த கொட்டகையில் நான் மீனுக்கு உப்பிடும் வேலை பார்த்தேன். கடையில் நடப்பது எல்லாம் காதில் விழும். காற்று கடலிலிருந்து அடித்தால் பாதிதான் விழும். மீதியை மறுநாள் அவளே சொல்லிவிடுவாள்.

அப்பா செத்தபிறகு கடையைத் தனியாளாக நடத்தினாள். கல்யாணம் பற்றி யாராவது பேச்செடுத்தால், "மாவு பிசையவே ரெண்டு கை பத்தல, இதுல ஒரு ஆளை வேற பிசையணுமா?" என்பாள். அப்படி இருந்தவளைத்தான் ரெய்டுல்ஃப் வந்து மாற்றினான்.

அவன் கிழக்குப் பக்கத்து ஆள், தலைநகருக்குப் பக்கம். எங்கள் ஊருக்கு அப்போது சாலை கிடையாது, படகுதான். பாறையை வெடிவைத்து உடைத்துச் சாலை போட வந்த கூட்டத்தில் ஒருவனாக வந்தான். வந்த அன்று காலையிலேயே கடைக்குள் நுழைந்தான்.

"இந்த ஊருக்கு ரோடு போட வந்திருக்கோம்" என்றான், ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி.

"கடல் இருக்கே, பத்தாதா?"

"நாட்டோட பேர்லயே வழி இருக்கும்மா. நோர்கென்னா வடக்கே போற வழி. உங்க ஊருக்கு மட்டும் வழி இல்லைன்னா நல்லாவா இருக்கு?"

"முதல்ல அது நோர்கெ இல்ல, நோரெக்" என்றாள் ஆஸ்லௌக். "ரெண்டாவது, அந்த வழி படகு போற வழி. கரையை ஒட்டியே வடக்கே போவாங்க, அதான் பேரு. பாறைக்கு மருந்து வெச்சு வெடிக்கிற வழியை யாரு கேட்டா?"

வெளியாருக்கு இதில் சண்டை எங்கே என்று தோன்றும். ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் அதே ஐந்து எழுத்துதான், கடைசி இரண்டு மட்டும் இடம் மாறும். ஆனால் எங்கள் நாட்டில் எழுத்துமொழி இரண்டு. நகரத்தார் எழுதுவதில் நாடு நோர்கெ, எங்களைப் போல மேற்குக் கரைக்காரர்கள் எழுதுவதில் நோரெக். இதற்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

ரெய்டுல்ஃப் மறுநாளும் ரொட்டி வாங்க வந்தான், அதற்கு மறுநாளும். இவ்வளவு ரொட்டியை ஒரு ஆள் தின்ன முடியாது என்பது எங்கள் கொட்டகைக்கே புரிந்துவிட்டது. அடுத்த கோடையில் கல்யாணம். மகள் சிக்னி பிறந்தாள். வீட்டில் அப்பா ஒருவிதமாகவும் அம்மா ஒருவிதமாகவும் பேச, குழந்தை அம்மா பேச்சையே பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கக் கடையில் கிடந்தால் வேறு எப்படி வரும்?

சிக்னி பள்ளிக்கூடம் சேரவேண்டிய வருடத்தில்தான் ஓட்டு வந்தது. பள்ளியில் எந்த எழுத்துமொழி என்று ஊரே தீர்மானிக்கவேண்டும். நோரெக் பக்கத்துக்கு வாத்தியார் ஓட்முண்ட், நோர்கெ பக்கத்துக்குக் கிழக்கிலிருந்து வந்த படகு அலுவலகத்து ஃபால்க். இருவரும் கடைக்கு வந்து ரொட்டி வாங்கும் சாக்கில் பிரசாரம் செய்தார்கள். வீட்டுக்குள் ஆஸ்லௌக்கும் ரெய்டுல்ஃபும் காபிக் கோப்பையை மேசையில் தட்டித் தட்டி வாதாடினார்கள். அவள் வாத்தியார் பக்கம், அவன் ஃபால்க் பக்கம். ஊருக்கே தெரிந்த விஷயம்.

எண்ணி முடித்தபோது ஒரே ஓட்டில் நோரெக் ஜெயித்தது. ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது.

ஃபால்க்கால் நம்ப முடியவில்லை. தன் பக்கத்து ஆட்களை விரல்விட்டு எண்ணி வைத்திருந்தவர் அவர். மறுநாள் காலை கடை வாசலில் நின்று, "நம்மாள்ல எவனோ ஒருத்தன் காலை வாரிட்டான். எவன்னு தெரிஞ்சாகணும்" என்று சத்தம் போட்டார்.

மாவு மூட்டையைத் தோளில் வைத்திருந்த ரெய்டுல்ஃப் அதை இறக்கினான். "நான்தான்" என்றான்.

கொட்டகையில் நாங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம்.

"நீயா? நீ எங்க ஊர்க்காரன்யா!"

"இருக்கட்டும். என் பொண்ணு அவங்கம்மா மாதிரி பேசுது. பள்ளிக்கூடம் போய் வாயைத் திறக்கும்போதெல்லாம், நீ சொல்றது தப்பு, நீ சொல்றது தப்புன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கணுமா? எனக்கு மனசு வரல. அவ்வளவுதான், ஃபால்க்."

ஃபால்க் ரொட்டி கூட வாங்காமல் போய்விட்டார். சாலை வேலைக் கூட்டாளிகள் அன்று முழுக்க ரெய்டுல்ஃபோடு பேசவில்லை. அது கூட அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது ஆஸ்லௌக் மெதுவாகச் சொன்னாள்: "அந்த வெறும் சீட்டு என்னோடது."

"என்னது?"

"உன் வீட்டுக்குள்ளேயே உன்னைத் தோற்கடிக்க எனக்குப் பிடிக்கல. அதான் ஒண்ணும் போடல."

அவன் உட்கார்ந்துவிட்டான். "அடிப்பாவி! உனக்காகத்தானே நான் இத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்! நீ உன் பேருக்கே ஓட்டுப் போடலையா?"

"நான் கேட்டேனா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"நீ சொன்னியா?"

கடையின் பலகைக் கதவு பாதி சாத்தியபடியே நின்றது. அவர்கள் கத்திய கத்தலில் துறையில் கட்டியிருந்த ஐஸ்லாந்து மீன்படகின் ஆட்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தான். அவள் பேசியது எல்லாம் சிக்னி வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, பூட்ஸை வாசல்லயே கழட்டச் சொல்லு." "அம்மா, அப்பா இங்கதான் நிக்கிறாங்க." "தெரியும். சொல்லு."

மே பதினேழு வந்தது, தேசிய நாள். வருடாவருடம் பள்ளி மைதானத்துக்குப் பெரிய கேக் செய்து தருவது ஆஸ்லௌக்தான். வெள்ளைக் க்ரீம், ஓரமெல்லாம் ஸ்ட்ராபெர்ரி ஜாம், நடுவில் பாதாம் மாவில் செய்த ஐந்து எழுத்து. இந்த வருடம் நோரெக் என்றுதான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜெயித்த வாத்தியார் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஊர்வலம் முடிந்தது. துணியை எடுத்தார்கள். கேக்கில் நோர்கெ என்று இருந்தது.

மைதானம் அப்படியே நின்றது. கொடியோடு நின்ற பிள்ளைகள் மட்டும் க்ரீமைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்லௌக்!" என்றார் வாத்தியார். "நாமதானே ஜெயிச்சோம்?"

"பள்ளிக்கூடத்துல நீங்க ஜெயிச்சீங்க. இது என் கேக்கு" என்றாள். பிறகு யாரைப் பார்த்தும் சொல்லாமல், ஆனால் ரெய்டுல்ஃப் நின்ற பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "ஒருத்தன் எனக்காக அவன் பேரை விட்டுக்குடுத்தான். பதிலுக்கு என்னால முடிஞ்சது இதுதான்" என்றாள்.

ரெய்டுல்ஃபின் காது சிவந்தது.

ஆனால் வாத்தியார் விடுவதாக இல்லை. வெண்ணெய்க் கத்தியை எடுத்துக் கடைசி இரண்டு எழுத்தையும் கிளப்பி இடம் மாற்றப் பார்த்தார். ஃபால்க் ஓடி வந்து கையைப் பிடித்தார். "உன் பக்கத்துக்குப் பள்ளிக்கூடம், என் பக்கத்துக்குக் கேக்கு. தொடாத!" இந்த இழுபறியில் சீப்பு மாதிரி மூன்று பல் உள்ள E எழுத்து உடைந்து ஒரு பல் க்ரீமில் முங்கியது.

அப்போதுதான் அந்த ஐஸ்லாந்துப் படகின் தலைவன் ஹால்டோர் முன்னால் வந்தான். காற்று அடங்காததால் இங்கேயே மாட்டிக்கொண்டு, சும்மா கேக்கு தின்ன வந்தவன். கேக்கை நிதானமாகப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்குமே எழுத்து குறையுது" என்றான். "நாங்க நோரெகுர்னு சொல்றோம். ஆயிரம் வருஷம் முன்னாடி இங்கேருந்துதான் எங்க ஆளுங்க கொண்டு போனாங்க. உங்க கிட்ட கொஞ்சம் கொட்டிப்போச்சு போல."

"கொட்டிப்போச்சாம்ல!" என்று ஆஸ்லௌக் சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்து ஃபால்க் சிரித்தார், அவரைப் பார்த்து வாத்தியார். ஊரில் நோர்கெக்காரனும் நோரெக்குக்காரனும் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான், அதுவும் ஐஸ்லாந்துக்காரனைத் திட்டுவதற்காக. "உங்க தீவுல கேக்குக்கு மாவு உண்டா?" "ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவன் எங்களுக்குப் பேர் சொல்லித் தர்றானா?" ஹால்டோர் இதையெல்லாம் கேட்டபடி பெரிய துண்டாக வெட்டிக்கொண்டான். உடைந்த எழுத்து சிக்னியின் வாய்க்குப் போயிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ரெய்டுல்ஃப் அவள் கையிலிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டான். "எழுத்து கோணலா இருந்துச்சு" என்றான்.

"பழக்கமில்லாத பேரு. கோணலாத்தான் வரும்."

அதோடு அந்த மௌனம் முடிந்தது.

அப்புறம் சாலை வந்தது. சாலையே வேண்டாம் என்றவள்தான் ஊரில் முதல் வேன் வாங்கினாள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ரொட்டி போட்டாள். வளைவுகளில் அவள் ஓட்டும் வேகத்தைப் பார்த்து ரெய்டுல்ஃப், "இதுக்காகவா வெடி வெச்சேன்?" என்று கண்ணை மூடிக்கொள்வான்.

சிக்னி வளர்ந்து ஒரு டச்சு மாலுமியைக் கட்டிக்கொண்டு ராட்டர்டாமுக்குப் போனாள். இருவரும் அவளைப் பார்க்கக் கப்பலேறினார்கள். துறைமுகத்து வாசலில் இருந்தவர் எந்த நாடு என்று கேட்டதும், இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையாட்டிவிட்டு மூன்றாவதாக ஒன்று எழுதினாராம்: நோர்வேகன். டச்சில் வேகன் என்றால் வழிகள்.

"பாத்தியா, இவங்ககிட்ட வழி முழுசா இருக்கு" என்றானாம் ரெய்டுல்ஃப்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஆஸ்லௌக் எங்களிடம் சொன்னது வேறு. டச்சு ரொட்டி பஞ்சு மாதிரி, வாயில் வைத்தால் இருக்குமிடம் தெரியாது. சம்பந்தியம்மாளின் சமையலறையில் இரண்டாம் நாளே முழங்கை வரை மாவில் இறங்கிவிட்டாள். இருவருக்கும் ஒரு பாஷையும் பொதுவில்லை. சிரித்தே சமாளித்தார்களாம்.