தேய்ந்துபோன நான்கு எழுத்துகள்

கேம் விளையாட நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் தேடினேன். புதிது வாங்க வசதியில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு அக்கா பழையதை விற்பதாக விளம்பரம் பார்த்துப் போனேன்.

"இதுல படிச்சுத்தான் எனக்கு வேலை கிடைச்சுது தம்பி. காலையில ஒருத்தர் கூடுதலாவே தரேன்னாரு. கேம் விளையாடவாம், குடுக்கல. நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

"படிக்கத்தாங்க்கா," என்றேன். நான் கல்லூரியை விட்டு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உடனே விலையைக் குறைத்தார். மூடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தது. "துடைச்சிடாதீங்க, ராசியானது," என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் அவரிடமிருந்து மெசேஜ் வரும். "ஸ்ரீரங்கம் போயிருந்தேன் தம்பி. உங்க பரீட்சைக்கும் வேண்டிக்கிட்டேன்." நானும் கூசாமல், "நல்லா எழுதினேங்க்கா," என்று அனுப்புவேன். அனுப்பிவிட்டு விளையாட லேப்டாப்பைத் திறக்கப் போனால் மூடியில் அந்தப் பொட்டு கண்ணில் படும்.

போன வாரம், "வேலை கிடைச்சுதா?" என்று கேட்டிருந்தார். லேப்டாப்பிலேயே பதில் அடிக்கக் குனிந்தேன். கேமில் ஆளை நகர்த்தும் நான்கு கீகளில் மட்டும் எழுத்து தேய்ந்து காணாமல் போயிருந்தது. மற்றதெல்லாம் அவர் கொடுத்தபடியே இருந்தது.