வேதாசலம் கட்டிய திரை

வேதாசலத்துக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் ரசாயனம், நான் தமிழ். ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. கல்யாணம் ஆகாத மனிதர். ஊரே தோலையும் தோலுக்குப் போடும் உப்பையும் பேசும்; இவர் மட்டும் உப்பிலிருக்கும் சோடியம் அணுவைப் பேசுவார். யார் கேட்பார்கள்? நானும் கேட்டதில்லை. பசி நேரத்தில் அணுவாம், மண்ணாங்கட்டியாம்!

1933-இல் மெட்ராஸிலிருந்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகை வரவழைத்தார். அணுவின் நடுவிலுள்ள கரு, எலெக்ட்ரான்களை இழுக்கிறது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் அந்த இழுப்பைத் திரை போல மறைக்கின்றன. கடைசியில் நிற்கும் எலெக்ட்ரானுக்கு எவ்வளவு இழுப்பு மிஞ்சும் என்று கணக்குப் போட அதில் புது வழி இருந்ததாம்.

"பண்டிதரே, இத்த ஒருத்தருக்காவது புரிய வச்சுடணும். ஒரே ஒருத்தர் போதும்" என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நோட்டீஸ் அடித்தார்: 'அணுவுக்குள் திரை. ஞாயிறு மாலை பள்ளி ஹாலில். அனைவரும் வருக.' அட கஷ்டகாலமே! பயாஸ்கோப் என்று ஆண்கள் திரண்டு வந்தார்கள். தோல் பதனிடும் ஷாப் முதலாளி அமீர் பாஷா வீட்டிலோ, ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்குத் திரை கட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். மூடுவண்டியில் பெண்கள் வந்து இறங்கினார்கள். வேதாசலம் அறைக்கு ஓடி, காய்ந்துகொண்டிருந்த என் இரண்டு வேட்டிகளை உருவி வந்து ஹாலின் ஓரத்தில் கட்டினார்.

கரும்பலகையைப் பார்த்ததும், "இன்னாய்யா இது, படம் எங்க? ஒரே பேஜாரு!" என்று ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் பின்பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பேசி முடித்ததும் வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். அமீர் பாஷாவின் மகள் ஜஹீருன்னிசா என்று பிறகு தெரிந்தது.

"சார், சோடியம் கருவோட இழுப்பு பதினொண்ணு. உள்ள பத்து எலெக்ட்ரான் மறைக்குது. அப்போ கடைசிக்கு ஒண்ணுதானே மிச்சம்? நீங்க ரெண்டுக்கும் ஜாஸ்தின்னு சொல்றீங்களே?"

வேதாசலத்தின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே சொன்னார்:

"நல்லா கேட்டீங்கம்மா! கருவை ஒட்டின ரெண்டுதான் முழுசா மறைக்கும். அடுத்த எட்டுல ஒண்ணொண்ணும் நூத்துக்கு எம்பத்தஞ்சு பங்குதான் மறைக்கும். ஏன்னா, கடைசி எலெக்ட்ரான் எப்பவும் வெளியவே நிக்கறதில்ல. அப்பப்போ அந்தக் கூட்டத்துக்குள்ளயும் பூந்துட்டு வரும். எல்லாம் கூட்டினா எட்டு புள்ளி எட்டு. பதினொண்ணுல கழிச்சா ரெண்டு புள்ளி ரெண்டு. புரியுதாம்மா?"

பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பெஞ்சு காலி. பாஷா வீட்டு ஆள் வந்து பெண்களை அழைத்துப் போயிருக்கிறான்.

"நான் எந்த இடத்துல இருக்கறப்போ போனாங்க பண்டிதரே? எட்டு எலெக்ட்ரானைச் சொல்லிட்டனா?"

எனக்கு எப்படித் தெரியும்? அன்றுதான் முதல்முறையாக நானும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல சார். ஆனா எனக்குப் புரிஞ்சுது."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க" என்றார். வேட்டிகளை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தார். வேலூருக்கு மாற்றலாகிப் போகும்வரை பக்கத்து அறையில்தான் இருந்தார். அந்தக் கணக்கை என்னிடம் மறுபடி பேசவே இல்லை.