உட்காராத எர்கினா

எங்கள் மலைக்கிராமம் அனோயாவில் எர்கினா உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. ஜெர்மன்காரன் ஊரைக் கொளுத்திய வருஷம் புருஷனைப் பறிகொடுத்தாள். வயிற்றுப் பிள்ளையோடு மலைமேல் ஆட்டுப்பட்டியில் ஒண்டிக் கிடந்து, திரும்பி வந்து கரிந்த கல்லையே அடுக்கி வீடு கட்டினாள். அன்று முதல் அவள் காலில் சக்கரம்தான். கம்பளி நூற்பதும் நடந்தபடியே, பக்கத்து வீட்டுக்காரி என்னோடு வம்பளப்பதும் நடந்தபடியே.

"உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துதுக்கா."

"யாருடி பார்க்கச் சொன்னா?"

அந்தப் பிள்ளைதான் பந்தெலிஸ். மீசை முளைத்ததும் கொழுப்பும் முளைத்தது. தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளில், பெயர்நாள் விருந்துக்கு ஒரு கிடாயை ஓட்டிவந்து, அறுத்து, காதில்லாத தலையோடு அம்மா முன் போட்டான். எங்கள் ஆட்டுக்கு விலாசமே காதில் உள்ள வெட்டுதான். யார் வீட்டுக் கிடாய் என்று அவள் உலுக்கிக் கேட்டாள். "சிஃபிஸோடது" என்று இளித்தான். சிஃபிஸ் வாயைவிடத் துப்பாக்கியை அதிகம் பேசவிடுகிற ஆள்.

திருடத் தெரிந்த மடையனுக்கு ஒன்று மறந்துபோயிற்று. பெயர்நாளில் கதவு சாத்தக் கூடாது, அழைப்பில்லாமல் யாரும் வரலாம். சிஃபிஸே வந்தார். வயிறாரத் தின்றார். தோள் எலும்பைச் சுத்தமாகக் கடித்தெடுத்து, எங்கள் மேய்ப்பர் வழக்கப்படி வெளிச்சத்தில் பிடித்து, ஆட்டுக்காரனுக்கு வரப்போவதை அதில் குறி பார்த்தார்.

"இந்தக் கிடாய்க்காரனுக்கு ஒரு நஷ்டம் காட்டுதே!"

பந்தெலிஸுக்குப் புரையேறியது. எர்கினா பரிமாறிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு கிடாய் காணோம் என்று சிஃபிஸ் தேட, பந்தெலிஸை அந்தச் சரிவில் பார்த்ததாக ஒருவன் சொல்லிவிட்டான். "திருடலைன்னு கோயில்ல வந்து சத்தியம் பண்ணட்டும்" என்றார் சிஃபிஸ். மறுத்தாலும் ஒப்புக்கொண்டாலும் குண்டு. பொய்ச் சத்தியம் செய்தால் அதைவிட மோசம் என்பது எர்கினாவின் நம்பிக்கை. அவள் தம்பி அந்தக் கோயிலின் புனித ஜார்ஜியார் படத்தில் பொய்யாகக் கை வைத்தவன், மறு பனிக்காலம் பனிச்சரிவில் புதைந்து போனான். மகன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவு.

அன்று அவள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். உள்ளே பாதிரியார் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார்: "நான் திருடவில்லை, தின்னவில்லை, தின்றவனை அறியேன்." பந்தெலிஸ் அந்தப் படத்தை நோக்கிக் கையை நீட்டினான். எர்கினா பாய்ந்து உள்ளே போனாள்.

"கையை எடுடா! சிஃபிஸண்ணே, முதல்ல நீங்க கை வச்சுச் சொல்லுங்க, 'நான் தின்னலை'ன்னு!"

சிஃபிஸுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அந்தத் தோள் எலும்பு..."

"உங்க கிடாதான். குறியைச் சரியாத்தான் சொன்னீங்க."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சிஃபிஸின் கை இடுப்புக் கத்திக்குப் போய் நின்றது. விறுவிறுவென்று வெளியே போனார். துப்பாக்கி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார், தோளில் துப்பாக்கி, கையில் ஒரு மூட்டை. வாசலில் நடந்துகொண்டிருந்த எர்கினா, மகனை முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்றாள். நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் தின்னப்போ, நீ ஒரு வாய் தின்னியா?"

"இல்லண்ணே. திருட்டுக் கறி, தொண்டையில இறங்கல. அதான் உட்காரவே இல்ல."

சிஃபிஸ் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூட்டையை வாசல் மேசைமேல் அவிழ்த்தார். வெந்த ஆட்டுக்கறி, ஆவி பறந்தது.

"இது நான் கொண்டுவந்தது, காதோட இருந்த ஆடு. உட்காரு."

எர்கினா உட்கார்ந்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஒரு வாய் தின்றாள், அப்புறம் அழுதாள். பந்தெலிஸும் மெல்ல ஒரு நாற்காலியை இழுத்தான்.

"நீ நில்லுடா," என்றார் சிஃபிஸ். "இனிமே பரிமாறுறது நீ."