உடம்பில் வைத்துப் போட்ட இரண்டு தையல்

மல்லசமுத்திரத்தில் யாரும் உடம்பில் அளவுநாடாவைப் பிடிக்க விடுவதில்லை. பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "இதேமாதிரிங்க" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். ரங்கூனில் எங்கள் மாடித் தையலறைக்கு வந்த பெண்கள் கையைத் தூக்கியபடி நாடாவுக்காக நிற்பார்கள். யுத்தத்துக்குப் பயந்து கப்பலேறியபோது, மகளையும் கைத்தையல் மெஷினையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். பின்னால் வருவதாகச் சொன்ன என் கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இந்த ஊரில் நாச்சம்மாள் என்பவர் தம் தோட்டத்து வீட்டில் இருக்க இடம் கொடுத்தார். அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

அவர் மகள் பாவாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் பட்டுத்துணி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் ரவிக்கை போடப்போகும் முதல் பெண் அவள்தான். அளவுக்குக் கொடுக்கப் பழையது இல்லை. ஆகவே வெட்டிய துணியை அவளுக்கே போட்டுப் பார்த்தேன். ரங்கூனில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி கற்றுத்தந்தபடி, உப்பி நிற்கும் பஃப் கையின் சுருக்கத்தைத் தோளிலேயே மடித்தேன். குண்டூசி இல்லை. ஊசியால் இரண்டு தையல் போட்டேன்.

"இதென்னக்கா, கோழி றெக்கைய மடிச்சு வெச்சாப்பல இருக்குது!" என்று பாவாயி சிரித்தாள்.

வாசலில் நாச்சம்மாள் நின்றார். "ஏனுங்க ரங்கூன் அம்மா! பொணத்துக்குத்தானுங்க உடம்புல வெச்சுத் தெப்பாங்க!"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலையே பாவாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொசுக்கடியால் வரும் காய்ச்சல்தான். ரங்கூனில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் யாரும் கொசுவைத் தேடமாட்டார்கள். நாச்சம்மாள் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும் பால் நின்றது. அந்த வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம், மூட்டையைக் கட்டச் சொல்ல வருகிறார்கள் என்று மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன்.

ஒரு காலையில் நாச்சம்மாள் ரவிக்கையோடு வந்தார். "நீங்க தெச்ச கையாலயே பிரிச்சுப்போடுங்க" என்றார். அந்த இரண்டு தையலையும் பிரித்தேன். பட்டு கிழிந்துவிடாமல் நூலை இழுப்பதற்குள் விரல்கள் வியர்த்துவிட்டன. காய்ச்சல் உடனே இறங்கவில்லை, மறுநாள்தான் விட்டது. அவரே பால் கொண்டுவந்து வைத்தார்.

"பயந்துபோட்டீங்களா, சாமி?"

நான் பால் செம்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

"நானுந்தானுங்க" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன வாரம், பள்ளிக்குக் கிளம்பிய என் மகளின் கவுனில் தோள்பொத்தான் அறுந்துவிட்டது. நின்றபடியே தைத்துவிடச் சொல்லித் தோளைக் காட்டினாள். ஊசியைக் கோத்துக் கிட்டே கொண்டுபோனேன். அதற்குமேல் கை நகரவில்லை.

"கழற்றிக் கொடு" என்றேன்.

பள்ளி மணி அடித்துவிட்டது. என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றவள், இந்த ஊர்க்காரி ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.