டீனாவை விட்டுவிட்டுப் போன கேப்

என் தங்கை டீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஊழியர்களை ஏற்றிவரும் கேப்களுக்கு வழி போட்டுத் தரும் ப்ரோக்ராமை அவள்தான் எழுதினாள். அதை அன்று பத்து மணிக்கு மேலாளர் சுப்ரியாவிடம் காட்ட வேண்டும். அவர் தலையசைத்தால் நைட் ஷிஃப்ட் வண்டிகளும் அதன் கைக்கு வரும். வீட்டில் ஒரு வாரமாக இவள் தம்பட்டம் தாங்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து ஈஜிபுரா சிக்னலுக்கு கேப் வரவில்லை. டிரைவர் நரேஷுக்கு போன் போட்டாள்.

"மேடம், இன்னிக்கு ஆப்ல உங்க பேரே இல்ல. நான் சில்க் போர்டு தாண்டிட்டேன்."

எனக்கு லீவு. ஆட்டோ பிடித்து அவளோடு ஏறிக்கொண்டேன். லேப்டாப்பை மடியில் திறந்தவள், சில்க் போர்டு நெரிசலில் திடீரென்று துள்ளினாள். "ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆச்சோ என ஆட்டோக்காரர் கன்னடத்தில் பதறிவிட்டார்.

நடந்தது இதுதான். ஒருவரை ஏற்றாவிட்டால் வண்டி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஒத்திகை பார்க்க, முந்தைய நாள் ப்ரோக்ராமில் ஒரு மெத்தட், அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு பகுதி, சேர்த்திருந்தாள். முதலில் வெறும் எண்ணை அதற்குள் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். உள்ளே மாற்றியும் வெளியே எண் அப்படியே இருந்தது. வண்டியின் எல்லா விவரங்களையும் ஒன்றாகக் கட்டி வைத்த ஆப்ஜெக்டும் அப்படித்தான் என்று நம்பிவிட்டாள். ஆனால் ஆப்ஜெக்டை அனுப்பும்போது உள்ளே போவது அதன் முகவரியின் நகல் மட்டுமே. முகவரியை இன்னொரு தாளில் எழுதினால் வீடு இரண்டாகிவிடுமா? ஒத்திகைக்காக நீக்கிய அவள் பெயர் நிஜ வண்டியிலிருந்தே போய்விட்டது.

ஒத்திகைக்கென்று வண்டியை நகலெடுத்தாள். அப்போதும் பெயர் காணாமல் போனது. வண்டிதான் புதிது, உள்ளே பயணிகள் வரிசை பழையதே என்று உறைக்க, அதையும் நகலெடுத்து ஓட்டினாள். ஒத்திகையில் டீனா இல்லை, நிஜ வண்டியில் இருந்தாள். சந்தோஷத்தில் அவள் என் தோளில் போட்ட அடி இன்னும் வலிக்கிறது. நானும் சேர்ந்துதான் கத்தினேன்.

இதைச் சுப்ரியாவிடம் மறைத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறைக்கவில்லையாம். நைட் ஷிஃப்ட் பெண் ஒருத்தி இப்படித் தெருவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்க, இவள் சொன்னதை போனில் எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

"முதல் மாசம் நானே நைட் ஷிஃப்ட் வண்டியில வரேன் மேடம். யார் பேராவது விட்டுப்போறதா இருந்தா, என் பேர் முதல்ல போகட்டும்."

சுப்ரியா சரி சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.